மூடிவிட்ட முறைப்பாடு

வேலையில் எனக்கு நல்ல பேர். முறைப்பாடுகளை என்னைப்போல விரைவாக முடித்து மூட ஆளில்லை என்று மேலாளரே கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். சுருவில் என்கிற எங்கள் தீவுக் கிராமத்தில், வீட்டு அறைக்குள் கதிரையைப் போட்டுக்கொண்டு, கொழும்பு மென்பொருள் நிறுவனமொன்றின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்கிறேன். தமிழில் அழைப்பவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள்.

அப்படி அழைத்தவர் ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளி ஒருவர். வலை போட்ட இடத்தைக் குறித்துவைக்கும் எங்கள் செயலியைக் கைபேசியில் பாவித்தவர். தூரக் கடலுக்குப் போனால் குறித்ததெல்லாம் அழிந்துபோகிறது, வலையில் பாதியை எங்கே போட்டதென்று தெரியாமல் தொலைத்துவிட்டேன், மிச்சப் பாதிதான் இனிச் சீவியத்துக்கு என்றார்.

நானும் என் கைபேசியில் நாலைந்து இடங்களைக் குறித்துப் பார்த்தேன். ஒன்றும் அழியவில்லை. எப்படி அழியும்? எங்கள் முற்றத்தில் நின்றால் சிக்னல் கோபுரம் தெரியும். சிக்னல் இல்லாத இடத்தில்தான் அந்தப் பிழை வரும் என்று, சுற்றிவரக் கடலைப் பார்த்து வளர்ந்த எனக்கு மூளை ஓடவில்லை. விசரி நான்.

விபரம் கேட்டு மின்னஞ்சலில் இரண்டு கடிதம் அனுப்பினேன். கடலில் நிற்கிற மனிசன் எப்படிப் பதில் போடுவார்? மூன்றாம் நாள் கடைசிக் கடிதத்தையும் அனுப்பிவிட்டு முறைப்பாட்டை மூடினேன். மூன்றும் நிறுவனம் ஆயத்தமாக வைத்திருக்கிற ஆங்கிலக் கடிதங்கள். தமிழில் எழுத ஐந்து நிமிடம் பிடிக்கும். எனக்கு அதற்குச் சோம்பல், பஞ்சி.

சில மாதங்களில் வேறு கரைகளிலிருந்தும் அதே முறைப்பாடு வந்து, பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. விசாரித்து அவரைத் தேடிப் போனேன். கரையில் இன்னொருவரின் வலையில் சிக்கிய பாசியைக் கூலிக்குப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் இன்னாரென்று சொல்லி, செயலி இப்போது சரி என்றேன். அவர் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டுக் கைபேசியை எடுத்து, என் கடைசிக் கடிதத்தைக் காட்டினார்.

“நீர் அனுப்பினது வந்தது, பிள்ளை. இங்கிலீசு எனக்கு வாசிக்க ஏலாது. திருத்திப்போட்டினம் எண்டு நினைச்சு, மிச்ச வலையையும் கொண்டுபோய்ப் போட்டனான்.”

வெட்கத்தில் கூசிப்போனேன். அவர் கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“இதிலை என்ன கிடக்கு எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்.”

வாசித்தேன்.

“நீங்கள் பதில் அனுப்பாதபடியால், உங்கட பிரச்சினை தீர்ந்துபோச்செண்டு எடுத்துக்கொள்ளுறம், அண்ணை.”