இடது கணுக்காலும் என் சந்தேகங்களும்

சப்பாத்து விற்க மறுக்கிற கடையை எங்காவது கண்டிருக்கிறீர்களா? இந்த வசந்தத்தில் நான் கண்டேன்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வீடு அல்பர்ட்ஸ்லுண்டில், வேலை ஹ்விடோவ்ரேயில் ஒரு முதியோர் இல்லத்தில். ஓடுவதென்றால் ரயிலைப் பிடிக்க மட்டும்தான். அப்படிப்பட்ட என்னிடம் மகள் அஞ்சலா கேட்டாள்:

"அப்பா, ஓகஸ்ட்டில ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டம் இருக்கு. என்னோட ஓடுறீங்களா?"

கோடை முடிய அவள் படிக்க ஓஹூஸ் என்ற தூரத்து நகரத்துக்குப் போகிறாள். பதின்மூன்று வயதுக்குப் பிறகு என்னைச் சேர்த்துக்கொண்டு எதையும் செய்யக் கேட்டதில்லை. இப்போது மட்டும் ஏன்? முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு ஓம் என்றேன்.

ஓடுவதற்குச் சப்பாத்து வாங்கப் போன கடையில் நின்ற பெண் என்னை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்தாள். இடது பாதம் உள்பக்கம் சாய்கிறதாம். சரி, இனி விலை கூடிய சப்பாத்து வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போட்டிருப்பதே போதும், கணுக்காலைப் பலப்படுத்துங்கள், முதல் மூன்று வாரம் கொஞ்சம் ஓடி கொஞ்சம் நடவுங்கள், நொந்தால் நிறுத்துங்கள் என்றாள்.

விற்க விருப்பமில்லாத விற்பனைப் பெண்... இதில் ஏதோ இருக்கிறது, இல்லையா?

மனைவி றீற்றாவிடம் சொன்னேன்.

"அந்தப் பிள்ளை நல்லதுக்குத்தானே சொல்லியிருக்கு."

"அதுதான் யோசிக்கிறன். ஏன் நல்லது சொல்லவேணும்?"

"உங்களுக்கு ஆர் நல்லது சொன்னாலும் கள்ளம்தான்" என்றாள் றீற்றா.

மூன்று வாரத்தை மூன்று நாளாக்கினேன். நாலாம் நாள் ஏரியைச் சுற்றி நிற்காமல் ஓடினேன். கணுக்காலில் ஏதோ இழுத்தது. ஒன்றுமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்த நாளும் இழுத்தது. அப்போதும் ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து, ஈரமான மரவேர் ஒன்றில் இடது கால் மடங்க, பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு வாரம் வேலைக்குப் போகவில்லை. நான் தூக்கி உட்காரவைக்கிற முதியவர்களையும் சேர்த்து, கூட வேலை செய்கிறவள் தனியாகத் தூக்கினாள். காலைவிட அதுதான் கூட நொந்தது.

பிசியோதெரபிஸ்ட் என்ன சொன்னார் தெரியுமா? வீக்கம் வற்றியதும் ஒற்றைக் காலில் நின்று பல் தீட்டட்டாம். படியில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்கட்டாம். இவ்வளவு படித்து வந்து சொல்கிற வைத்தியம் இதுதானா?

றீற்றா குளியலறைக்குக் கூட்டிப்போய் நிற்கச் சொன்னாள். நல்ல கால் என்று நான் நம்பியிருந்த வலது காலில்தான். ஆறு எண்ணுவதற்குள் சுவரைப் பிடித்தேன். அவள் பல் தீட்டி, வாய் கொப்பளித்து முடிக்கும்வரை ஒற்றைக் காலில் நின்றாள்.

"கடைக்காரப் பிள்ளை பொய் சொல்லேல்லை. நீங்கள்தான் உங்களுக்குப் பொய் சொல்லியிருக்கிறியள்."

கடையை, வைத்தியரை, பெற்ற பிள்ளையைக்கூடச் சந்தேகிக்கிறோம். 'ஒன்றுமில்லை' என்று உள்ளே இருந்து சொல்கிற ஆளை மட்டும் ஏன் அப்படியே நம்பிவிடுகிறோம்?

அன்றிலிருந்து காலையும் மாலையும் ஒற்றைக் காலில் நின்றேன். பிறகு நடை. பிறகு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், கொஞ்சமாக ஓட்டம்.

போன ஞாயிறு அந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடினோம். மூன்றாவது கிலோமீட்டரில் அஞ்சலா வேகத்தைக் குறைத்தாள்.

"எனக்காகவோ?"

"இல்லை. குதி நோகுது."

"எப்ப தொடக்கம்?"

"ரெண்டு கிழமையா. சொன்னா ஓடவேண்டாம் எண்டுவீங்க."

அப்படியே நிறுத்திவிட்டேன். மிச்சத்தை நடந்தோம். ஓஹூஸில் எடுத்திருக்கிற அறை, அங்கே ஒருவரையும் தெரியாத பயம், எல்லாம் கதைத்தாள். குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவருக்கும் பின்னால்தான் முடித்தோம். ஓடியிருந்தால் மூச்சு மட்டும்தான் வாங்கியிருப்போம்.

ஆனால் அந்தக் குதி உண்மையாகவே நொந்ததா, இல்லை என் கணுக்காலுக்காக நொந்ததா... எனக்கு இன்னும் சந்தேகம்தான்.