யாருக்கும் தோன்றக்கூடியது

காதுக்காரர் அன்று காலையில் மட்டும் மூன்று தடவை சட்டையை மாற்றினார். மோட்டாரில் காதை வைத்தே எந்தப் பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவார். பட்டறைத் தெருவில் அதனால்தான் அந்தப் பெயர். அந்த வேலையை நாணய அளவு பீசோ வில்லை ஒன்றுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. அதிர்ந்தால் மின்சாரம் தரும் வில்லை அது. ஊரெல்லாம் அதை மோட்டாரில் முழுசாக ஒட்டினார்கள். இரைச்சலில் பேரிங்கின் முனகல் அமுங்கிப்போனது. இவர் ஓர் ஓரத்தை மட்டும் ஒட்டி, மறு ஓரத்தில் ஒரு பொட்டு ஈயம் வைத்தார். முனகல் தனியாகக் கேட்டது. காப்புரிமையும் கிடைத்தது.

இப்போது ஒரு பெரிய கம்பெனி அதை ரத்து செய்யச் சொல்லி மனு போட்டிருந்தது. தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றக்கூடிய விஷயமாம். சாட்சி யார் தெரியுமா? சாட்சாத் இவரேதான். விற்பனைக்காக எடுத்த வீடியோவில், "இதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க, யாருக்கும் தோணும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருந்தார்.

"உங்க அடக்கத்தால நீங்களே தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்க," என்றாள் மனைவி. "இன்னைக்காவது வாயைத் திறந்து பட்ட பாட்டைச் சொல்லுங்க."

விசாரணை அறையில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடித்தார், எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி குடித்தார். வீடியோ ஓடியது. தன் சிரிப்பைப் பார்க்க அவருக்கே எரிச்சலாக வந்தது.

"கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆச்சு?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"ஆறு வருஷங்க. நானூறு வில்லை வீணாப் போச்சு. நானும் முழுசாத்தான் ஒட்டிக்கிட்டிருந்தேன்."

கம்பெனி வக்கீல் எழுந்தார். "அப்போ வாங்க வந்தவங்ககிட்ட நீங்க சொன்னது பொய்யா?"

முப்பது வருடத்தில், நல்ல பேரிங்கைப் போய்விட்டது என்று ஒருவரிடமும் சொல்லாத மனிதர். அந்த நாணயத்தை நம்பித்தான் பட்டறைக்கு ஆள் வருகிறது. திரும்பி, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பொய்தாங்க," என்றார். "கஷ்டம்னு சொன்னா யாருங்க வாங்குவாங்க?"

காப்புரிமை நிலைத்தது. ஆனால், வாங்க வந்தவர்களிடம் பொய் சொன்னதை இவரே ஒப்புக்கொள்கிறார் என்று தீர்ப்பின் நான்காம் பக்கத்தில் அச்சாகியிருந்தது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து யாரோ தெரு முழுக்கக் கொடுத்திருந்தார்கள்.

மறுவாரம், இருபது வருடமாக வரும் மாவு மில்காரர் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். காதுக்காரர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பின்னாடி பேரிங் போச்சு, மாத்திடலாம்," என்றார்.

மில்காரர் கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, நிஜமாவே போச்சா?"