பெயர் போடாத அஞ்சலி

திருத்தணியில் ஒருவர் கண்ணை மூடினால் அடுத்த சில மணி நேரத்தில் அவருடைய போட்டோ சுசித்ராவின் மேசைக்கு வந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சிங்காரம் நடத்தும் பிளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைன் போடுகிறவள். காதுகுத்து, கல்யாணம், ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பவர்களை வரவேற்கும் பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதே மவுஸில்தான். சேர்ந்த புதிதில் அஞ்சலிக்கு வரும் போட்டோக்களைப் பார்த்து அழுதிருக்கிறாள். சிங்காரம் டீ வாங்கிக் கொடுத்து, "இதுக்கெல்லாம் அழுதினு இருந்தா கடையை நான் எப்ப மூடறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அழுகை தானாக நின்றுபோனது. இப்போதெல்லாம் போட்டோவை நீட்டியவரின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து போகிற பெண். வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. அதனாலோ என்னவோ, வாயால் பேசுவதைவிட எழுதிப் பேசுவதே அவளுக்குச் சுலபமாகப் போய்விட்டது. அப்படித்தான் ஏழாற்று நாட்டுக்குள் நுழைந்தாள்.

ஏழாற்று நாடு எந்த மேப்பிலும் இல்லை. அது இணையத்தில் இருக்கும் ஒரு தளம். உறுப்பினர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ஒருவர் எழுதியதற்கு அடுத்தவர் பதில் எழுதி, கதையை வளர்த்துக்கொண்டே போவார்கள். ஒருத்தி ராணி, ஒருவன் கொள்ளைக்காரன், ஒருவன் ஓடக்காரன். வேலையற்ற வேலை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கூத்தில் விடிய விடிய துரியோதனனாக உட்கார்ந்திருப்பவனை யாரும் அப்படிச் சொல்வதில்லையே!

நாடு என்று இருந்தால் காவல் வேண்டும். ஆரம்பித்து வைத்த சுந்தரமூர்த்தி துபாய்க்கு வேலைக்குப் போனபோது தளத்தின் சாவியைச் சுசித்ராவிடம் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, கடையில் பிரிண்ட் ஓடும் இடைவெளியில் எல்லாம் அவள் பஞ்சாயத்து பண்ணுகிறாள். "நான் கத்தியால் குத்திட்டேன், அவன் சாகமாட்டேங்கிறான்" என்று ஒருத்தன் புகார் எழுதுவான். "சாவறதும் சாவாததும் என் இஷ்டம்" என்று குத்துப்பட்டவன் எதிர்ப்புகார் எழுதுவான். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி இளவரசியாக எழுதினாள். மந்திரி வேஷத்தில் இருந்த கிழம் ஒன்று அவளிடம் போன் நம்பர் கேட்டது. அதைத் துரத்தினால் மறுநாள் பூசாரியாக வந்து நின்றது. இன்னொருத்தன் சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிட்டு, "திட்டினது நான் இல்ல, என் கேரக்டர்" என்றான். இத்தனைக்கும் நடுவில் காவல்காரியையே நாக்கூசத் திட்டி வருகிற மெசேஜ்கள் தனி. அவற்றை எல்லாம் அவள் வெற்றிலை மெல்லுகிற மாதிரி மென்று துப்பிவிட்டு அடுத்ததைப் பார்ப்பாள்.

ஒன்றை மட்டும் துப்ப முடியவில்லை. மோனிகா என்று ஒருத்தி வைத்தியச்சியாக எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் அண்ணன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் எழுதினான், மோனிகா ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டாள் என்று. நாடே அழுதது. சுசித்ரா அன்று சாப்பிடவில்லை. கடை கம்ப்யூட்டரிலேயே மோனிகாவுக்கு ஒரு அஞ்சலிப் போஸ்டர் செய்து, கீழே "கண்ணீருடன்" என்று எல்லோருடைய பெயரையும் வரிசையாகப் போட்டாள். கொஞ்ச மாதம் கழித்து அதே மோனிகா வேறு பெயரில் உள்ளே வந்து, அதே குசும்பு பேசி, மாட்டிக்கொண்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, "யார் யார் அழறீங்கன்னு பாக்கணும்போல இருந்திச்சி, சாரிக்கா" என்றாள். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

அன்றைக்கு சுசித்ராவுக்குள் ஏதோ ஒன்று மரத்துப்போனது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று பேர் அவ்வப்போது செத்தார்கள். செத்தவர்கள் எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள். அதனால் ஒரு விதி கொண்டுவந்தாள். யாராவது இறந்ததாகச் செய்தி வந்தால் அத்தாட்சி காட்ட வேண்டும். இல்லையென்றால் கணக்கை எழுத்தோடு துடைத்துவிடுவது. எழுத்தை விட்டுவைத்தால் அதன் கீழே போய் மறுபடி மறுபடி அழுதுகொண்டிருக்கிறார்களே, மோனிகா விஷயத்தில் பார்த்தாயிற்றே.

இப்படி இருக்கும்போதுதான் ஓடக்காரன் சங்கதி வந்தது.

ஓடக்காரன் பழைய ஆள். ஆற்றில் ஓடம் விடுவான், வம்புக்குப் போகமாட்டான். சில வாரங்களாக ஆளைக் காணவில்லை. ரொம்ப நாள் எழுதாதவர்களுக்கு, "எழுதாவிட்டால் உங்கள் கணக்கு மூடப்படும்" என்று தளமே தானாக ஒரு அறிவிப்பு அனுப்பும். அவனுக்கும் போயிற்று. மறுநாளே அவன் எழுதினான். அதைப் படித்துவிட்டுக் கொள்ளைக்காரத் தலைவனாக எழுதும் ராஜேஷ் புகாரோடு வந்தான்.

"அக்கா, ஓடக்காரன் கணக்கை யாரோ புட்ச்சிக்கினாங்க. என் ஆளு அவன் கழுத்துல கத்தி வெக்கிறான். இவன் 'தண்ணி நெறைய போவுது, பாத்து ஏறுப்பா, சாப்டியா'ன்றான். கதையே கெட்டுப்போச்சுக்கா."

ஒரு கணக்கில் ஒருவர்தான் எழுத வேண்டும் என்பது விதி. சுசித்ரா ஓடக்காரனுக்குத் தனியாக எழுதிக் கேட்டாள்: இந்தக் கணக்கில் எழுதுவது யார்? பதில், குரலை எழுத்தாக்கும் வசதியில் பேசியது போல, புள்ளி கமா இல்லாமல் வந்தது.

"நான் பிரேம்குமாரோட அம்மா மணியம்மை திருவாலங்காடு எங்களுக்கு புள்ள பூட்டான் கரும்பு ஏத்தின டிராக்டர் பின்னாடி லைட்டு இல்ல பைக்ல போயி மோதிட்டான் எழுதலன்னா மூடிடுவோம்னு போன்ல வந்திச்சி அதான் நானே சொல்லிப் போட்டேன் மூடாதீங்க சாமி அவன் எழுதினத எங்க பொண்ணு கல்பனா தெனம் கொஞ்சம் படிச்சிக் காட்டுது இன்னும் நெறைய கீது"

இதைப் படித்தால் கல்லும் கரையும் என்று நாம் நினைப்போம். சுசித்ரா கரையவில்லை. மோனிகாவின் அண்ணன்கூட இதைவிட உருக்கமாக எழுதியிருந்தான். இதற்கென்று அவள் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள், அதை எடுத்துப் போட்டாள்: ஆழ்ந்த இரங்கல், இறப்புச் சான்றிதழ் அல்லது அஞ்சலிப் போஸ்டர் அனுப்பவும், இதுதான் வாட்ஸப் எண்.

சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை, கேஸ் நடக்கிறது என்று பதில் வந்தது. பொய் சொல்கிறவர்களும் வழக்கமாக அதைத்தான் சொல்வார்கள். இரண்டு நாள் கழித்துப் போஸ்டர் வந்தது.

மற்ற காவல்காரர்களாக இருந்தால் போஸ்டரைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். சுசித்ராவுக்கு அது தொழிலாயிற்றே! படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தாள். வெள்ளை ரோஜாவும் குத்துவிளக்கும் வைத்த டிசைன், அவளே வாரத்துக்கு நாலு பேருக்குப் போடுகிற அதே டிசைன். அடியில் பிரஸ் பெயர் இல்லை. காரியம் என்றைக்கு என்று இல்லை. இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது என்று போட்டிருக்கிறது, படக் கோப்பில் இருக்கும் தேதியோ அன்றையது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே ஒரு பெயர்கூட இல்லை. இந்தப் பக்கத்தில் பெயர் போடாத அஞ்சலிப் போஸ்டரை யார் பார்த்திருக்கிறார்கள்? அப்பா, அம்மா, அக்கா, மாமா, பங்காளி, கிரிக்கெட் டீம், தெரு நண்பர்கள் என்று அடுக்குவார்கள். ஒரு மச்சான் பெயர் விட்டுப்போனால் சாவு வீட்டிலேயே சண்டை வரும். அழுவதற்கு ஒருத்தர்கூட இல்லாமல் ஒரு பையன் செத்துப்போவானா?

"டூப்பு" என்றாள், தனக்குத்தானே. கோபம்கூட வரவில்லை. எழுத்தோடு நீக்கு என்பதைத் தட்டினாள். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றாள். மூன்று வருஷத்து எழுத்து போயிற்று. எழுந்து போய் ஒரு காதுகுத்து பேனரை மெஷினில் ஏற்றினாள்.

அடுத்த நாள் மத்தியானம், சிங்காரம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் போன் வந்தது.

"யம்மா, மணியம்மை பேசறேன். தொந்தரவு பண்றேன்னு நெனச்சிக்காத. இன்னான்னு தெரியல, உள்ளார போவமாட்டேங்குது. எங்க பொண்ணு எதையாவது தட்டிடுச்சோ? நேத்து ஆத்துல வெள்ளம் வர்ற எடத்துல நிறுத்திட்டோம். அதுக்கப்புறம் இன்னா ஆச்சின்னு பாக்கணும்."

பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. ஒரு பெண் குரல், "பாஸ்வேர்டு கரெக்டாத்தான் போட்டேன்னு சொல்லும்மா" என்றது. சுசித்ரா சேரில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுத்தில் யார் வேண்டுமானாலும் யாராகவும் இருக்கலாம். இது குரல்.

"அந்தப் போஸ்டர்..." என்றாள். "அதுல யாரு பேரும் இல்லியேம்மா."

"ஆமா, நீ கேட்டியேன்னு அடிச்சது அது. புள்ள போனப்ப அடிக்கல. அவங்க நைனா வேணாம்னாரு. செவுத்துல ஒட்டி, மாடு வந்து நக்கி, அவன் மூஞ்சியத் தின்றத நான் பாக்கணுமான்னு கேட்டாரு. இப்ப நீ கேக்கறேன்னதும் மணவூர் ஸ்டேசன்கிட்ட ஒரு கடையில போன்லியே பண்ணிக் குடுத்தாங்க. கீழ யாரு பேரு போடறதுன்னு கேட்டாங்க. ஊருக்கே தெரியாம பண்றோம், யாரு பேர போடறது? வேணாம்னுட்டேன். அது தப்பாம்மா?"

"இல்லம்மா" என்றாள் சுசித்ரா. "இருங்க, பாத்துட்டு கூப்பிடறேன்."

துபாய்க்கு அடித்தாள். துடைத்ததைத் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டாள். "காப்பி எடுத்து வெக்கிற ஏற்பாட்ட எப்பவோ நிறுத்திட்டேனே சுசி, போனா போனதுதான்" என்றான் சுந்தரமூர்த்தி. யாருடையது என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். தளம் கெட்டுப்போச்சு, எல்லோருடையதும் போயிற்று என்றால் அந்த அம்மா நம்பியிருப்பாள். ஆனால் இத்தனை வருஷமாகப் பொய்க்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது வாயில் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டாள்.

"அம்மா, நான்தான் அழிச்சிட்டேன். நீங்க சொன்னது பொய்யின்னு நெனச்சிட்டேன். திரும்ப எடுக்க முடியாதாம்."

திட்டுவாள் என்று சுசித்ரா காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது, அவளுக்குப் பழகியது அதுதான். ஆனால் மணியம்மை கேட்டது:

"எல்லாத்தையுமா?"

"ஆமாம்மா."

"சரி. காவல்னா எல்லாருது எல்லாத்தையும் படிப்பாங்கன்னு கல்பனா சொல்லுது. நீ படிச்சிருப்ப இல்ல?"

"படிச்சிருக்கேன்."

"அப்ப நீ சொல்லு. வெள்ளம் வந்துச்சே, அதுக்கப்புறம் இன்னா எழுதினான்?"

படித்தது பொய்யில்லை. ஓடக்காரனின் ஒரு வரியைக்கூட அவள் விட்டதில்லை. ஆனால் எதற்காகப் படித்தாள்? கெட்ட வார்த்தை இருக்கிறதா, போன் நம்பர் கொடுக்கிறானா, யாரையாவது சாதி சொல்லித் திட்டுகிறானா என்று பார்க்கத்தான். அவன் எழுத்தில் ஒரு குற்றமும் இருந்ததில்லை. குற்றம் இல்லாதது எதுவும் அவள் மனதில் தங்கவில்லை. அந்தக் கிழட்டு மந்திரி எழுதிய ஆபாசம் வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. இந்தப் பையனுடையது ஒன்றுகூட இல்லை.

"நல்லா எழுதுவான்மா" என்றாள்.

"அது தெரியும். இன்னா எழுதினான்?"

"ஒரு வயசானவங்க வருவாங்க. அவங்ககிட்ட கூலியே வாங்காம அக்கரைக்குக் கொண்டுபோயி விடுவான்."

மணியம்மை யோசிப்பது தெரிந்தது.

"இல்லியேம்மா" என்றாள் மெதுவாக. "ஓடத்துல யாருகிட்டயும் கூலி கெடையாது. ஏறவங்க ஒரு கதை சொல்லணும், அதான் கூலின்னு மொத நாளே எழுதியிருந்தானே. கல்பனா படிச்சிச்சே."

சுசித்ரா ஓடக்காரனின் பெயரைத் தளத்தில் தட்டித் தேடினாள், ஒன்றும் வரவில்லை.

"சரி வுடும்மா, ஒனக்கு நெனப்பில்ல. எத்தினி பேருத நீ பாப்ப, பாவம். வேலையா இருப்ப, வெச்சிடறேன்."

போன் அடங்கிய பிறகும் சுசித்ரா அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அழுகை வரும் என்று இருந்து பார்த்தாள். சிங்காரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரும்வரை அது வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.