சிக்காகோக்காரனா, வாஷிங்டன்காரனா

யுத்தம் முடிந்து சித்தப்பா தென்காசிக்குத் திரும்பி வந்தபோது, அவருடைய தகரப் பெட்டிக்குள் வேட்டி சட்டைகளுக்கு நடுவே ஒரு பந்து இருந்தது. உரிக்காத தேங்காயைப் போல இரண்டு பக்கமும் கூம்பிய தோல் பந்து. கூடத்தில் உருட்டிவிட்டால் நேரே போகாமல், தன் இஷ்டத்துக்கு எங்கெங்கோ துள்ளிக்கொண்டு போனது.

"பந்துன்னா ஒழுங்கா உருளண்டாமா?" என்று அப்பா கேட்டார். இது உருட்டுகிற பந்து இல்லை, வீசுகிற பந்து என்று சித்தப்பா விளக்க ஆரம்பித்தார். அந்த விளக்கம் எங்கள் வீட்டில் பல மாதங்கள் ஓயவில்லை.

சித்தப்பா அஸ்ஸாம் மலைக்காட்டில் ரோடு போட்ட இடத்தில் அமெரிக்காக்காரர்களுக்கு லாரி ஓட்டியவர். அவர்கள் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் இந்தப் பந்தை வைத்துக்கொண்டு ஓடி, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து புரளுவார்களாம். பெயர் என்னவோ ஃபுட்பால்; காலால் உதைப்பது எப்போதாவதுதானாம். ஒவ்வொரு கட்சியிலும் ஒருவன், யார் எங்கே ஓட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, பந்தை வாங்கி, ஓடுகிறவன் கைக்கு வீசுவான். அவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அந்த வேலையில் அவர்கள் தேசத்தில் இரண்டு பேர் பெரிய பேர் எடுத்திருந்தார்கள். ஒருவன் சிக்காகோக்காரன், மற்றவன் வாஷிங்டன்காரன். யார் பெரியவன் என்பதில் சித்தப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. வாஷிங்டன்காரன்தான். அவருடைய கேப்டன் சொல்லியிருக்கிறார். சொந்த ஊருக்குக் கப்பல் ஏறும்போது பந்தைக் கொடுத்துவிட்டுப் போனவரும் அந்தக் கேப்டன்தான்.

அம்மாவின் தம்பி, அச்சன்புதூர் மாமா, அதே ரோட்டில் வேறொரு முகாமில் சமையல் கொட்டகையில் இருந்தவர். அவரும் ஊர் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, சித்தப்பா ஆசையோடு பந்தை அவர் கையில் கொடுத்து, "வாஷிங்டன்காரன் மாதிரி ஒருத்தன் பொறந்து வரணும், என்ன மச்சான்?" என்றார்.

மாமா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிக்காகோக்காரன் இருக்கானே" என்றார்.

இரண்டு பேருமே அந்த ஆட்டக்காரர்களைக் கண்ணால் பார்த்ததில்லை. வாதத்துக்கு அது ஒரு தடையாக இல்லை. வாஷிங்டன்காரன் பெரிய குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வீசுவான், உதைக்கவும் செய்வான், எதிராளி வீசிய பந்தைப் பிடுங்கவும் செய்வான் என்பார் சித்தப்பா. தூரத்தில் என்ன இருக்கிறது, ஆடுகிற விதத்தையே புதிதாக மாற்றியவன் சிக்காகோக்காரன் அல்லவா என்பார் மாமா. அம்மா சோறு போட்டுவிட்டுக் கை கழுவச் சொன்னால்கூட இவர்களுக்குக் காது கேட்காது. எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். இவ்வளவு பெரிய வழக்கில் எந்தக் கட்சியில் சேருவது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் அத்தையின் கல்யாணம் இருந்தது. அப்பாவின் தங்கையான அவளை இந்த மாமாவுக்குக் கொடுப்பதென்று யுத்தத்துக்கு முன்பே பேசியாயிற்று. மாமா திரும்பி வருவாரா என்பதே தெரியாத காலத்திலும் வேறு வரன் வேண்டாம் என்று இருந்தவள் அத்தை. அப்பா இப்போது முடிவைச் சித்தப்பாவிடம் விட்டிருந்தார். பட்டாளத்தில் இருந்தவனைப் பற்றிப் பட்டாளத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும் என்பது அப்பாவின் கணக்கு.

சாரல் விழுந்ததும் இரண்டு வீட்டாரும் குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, அங்கேயே கல்யாணத்துக்கு நாள் குறித்துக்கொள்வதென்று ஏற்பாடு. வண்டி கட்டிக்கொண்டு போனோம். சித்தப்பா பந்தையும் எடுத்துக்கொண்டார். பெரிய அருவியில் குளித்து, மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, புளியோதரையைச் சாப்பிட்டு முடித்தோம். வெற்றிலைத் தட்டை எடுத்து நடுவில் வைத்தபோது சித்தப்பாவுக்குக் குஷி பிறந்துவிட்டது.

"ஒரு வார்த்த சொல்லுங்க மச்சான், வாஷிங்டன்காரன்தான் பெரியவன்னு. இந்தால நாளக் குறிச்சிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டே, "அது மட்டும் முடியாது மச்சான்" என்றார்.

"பொண்ணு கேட்டு வந்த எடத்துல இம்புட்டு வீம்பா? அப்பம் பொண்ணும் கெடையாது."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு வீட்டார் முன்னாலும் சொன்ன வார்த்தை. மாமா இறங்கி வந்திருந்தால் இதுவும் விளையாட்டாகவே போயிருக்கும். அவர் இறங்கவில்லை. சித்தப்பாவின் முகம் சிவந்தது. மாமா வீட்டுப் பெரியவர் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். வெற்றிலைத் தட்டு தொடாமல் கிடந்தது. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட அம்மா, "எவனோ என்னமோ எறிஞ்சா ஒனக்கு என்னலே? ஒரு வார்த்த சொல்லித் தொலையேன்" என்று தம்பியைக் கெஞ்சினாள். மாமா எழுந்துபோய் ஆற்றோரப் பாறையில் தனியாக உட்கார்ந்துகொண்டார். எனக்கானால் அவர் மேல் ஆத்திரமாக வந்தது. கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அத்தை ஈரத் தலையோடு மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, மாமாட்ட போயி, எனக்காவ அந்த ஒரு வார்த்த சொல்லப்பிடாதான்னு கேட்டுட்டு வா."

போய்க் கேட்டேன். மாமா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"சிக்காகோக்காரன்தான்னு எனக்குச் சொன்னவன் ஒரு அமெரிக்காக்காரப் பையன்ட்டி. பாத்திரம் கழுவ எங்கூடத்தான் நிப்பான். தெனமும் இந்தக் கததான். ஒருநா மண்ணு சரிஞ்சு, அந்த ரோட்டுலயே போயிட்டான். அவன் இருந்தா நான் மாத்திச் சொல்லிருவேன், அவனும் சிரிச்சிட்டுப் போயிருவான். இப்பம் எப்படிச் சொல்ல? அத்தைட்ட சொல்லு."

செத்துப்போனவனுக்கு யார் பெரிய ஆட்டக்காரன் என்பதில் என்ன கவலை இருக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் சொன்னதைச் சொன்னபடியே அத்தையிடம் ஒப்பித்தேன். அவள், "மண்ணு சரிஞ்சா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பெரியவர்கள் அத்தனை பேர் இருந்த இடத்துக்கு நேரே போய்ச் சித்தப்பா முன்னால் நின்றாள். அப்படி அவள் செய்து நான் பார்த்ததே இல்லை.

"அண்ணே, அவுகளுக்குச் சொன்னவரு செத்துப் போயிட்டாராம். ஒங்க கேப்டன் நல்லா ஊரு போயிச் சேந்துட்டாருல்லா."

அவ்வளவுதான் சொன்னாள். சித்தப்பா பந்தை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் நடந்தார். பெரிய சண்டை நடக்கப்போகிறது என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"ஒங்க ஆளுதான் பெரியவன், மாப்ளே" என்றார் சித்தப்பா. அதுவரை மச்சான் என்றே கூப்பிட்டு வந்தவர்.

"ஒங்க ஆளும் லேசுப்பட்டவன் இல்ல. உதைக்கவும் செய்வான்லா" என்றார் மாமா.

பந்தை நடுவில் வைத்துக்கொண்டு, அருவியைப் பார்த்தபடி இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யார் ஜெயித்தது என்று கேட்டேன். சித்தப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, நாள் குறிக்கலாம் என்று அப்பாவிடம் போய்ச் சொல்லச் சொன்னார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பட்டுப்பாவாடையும் கிடைத்தது. ஆனால் அந்த வழக்கு குற்றாலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை. இவ்வளவு தூரம் வந்த வழக்குக்குத் தீர்ப்பு இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள், கைக்கு மருதோன்றி வைத்துக்கொண்டிருந்த அத்தையிடம், சிக்காகோக்காரனா வாஷிங்டன்காரனா, யார்தான் பெரியவன் என்று கேட்டேன்.

"யாரா இருந்தா என்னட்டி. அவுக மாத்திச் சொல்லல" என்றாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத இவளைக் கட்டிக்கொண்டு மாமா என்ன பாடு படப்போகிறாரோ என்று எனக்கு அவரை நினைத்துப் பாவமாக இருந்தது.