சைவத் தெருவில் சுறா எண்ணெய்

அல்போன்ஸ் முட்டத்துக் கடற்கரையில் பிறந்தவர். அப்பா, சித்தப்பா, நாலு அண்ணன்மார் எல்லாருக்கும் கடலில்தான் பிழைப்பு. இவருக்கு மட்டும் கட்டுமரம் அலையைத் தாண்டியதும் குடல் வாய்க்கு வந்துவிடும். பதினாறு வயதில் மூன்று முறை கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். மூன்றாவது முறை வலையை இழுப்பதை விட இவரைக் கரை சேர்ப்பதே பெரும்பாடாகிவிட்டது. "இவன் கரைக்கு உள்ள ஆளு, விடுங்கலே" என்று மூத்த அண்ணன் சொல்ல, மற்றவர்களும் கைகழுவிவிட்டார்கள்.

கரையில் கிடக்கும் ஆம்பிளைக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு வேலை இருந்தது, அதை எடுத்துக்கொண்டார். சுறா பிடிபட்டால் அதன் ஈரலைத் தனியே எடுத்துப் பானையில் போட்டுக் காய்ச்சுவார்கள். அந்த எண்ணெயைப் பூசினால் வள்ளத்தின் மரம் கெடாமல் இருக்கும். காய்ச்சுகிற இடத்துக்கு நாய்கூட ஒரு முறை வந்தால் மறுமுறை வராது. அல்போன்ஸ் அங்கேயே உட்கார்ந்து கஞ்சியும் குடிப்பார். கடலில் வராத வாந்தியா இங்கே வந்துவிடப்போகிறது என்று கேட்பார்.

யுத்தம் வந்ததும் சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த மீனெண்ணெய் நின்றுபோனது. பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆஸ்பத்திரிகளே சுறா எண்ணெய் தேட ஆரம்பித்தன. அல்போன்ஸ் ஒரு தகர டின்னில் தன் சரக்கை எடுத்துக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார். அங்கே நர்ஸ் ஜெபகுமாரி மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"இத வள்ளத்துக்கே பூசும். பிள்ளையளுக்கு ஆகாது."

வேறு ஆளாக இருந்தால் டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பியிருப்பார். இவர் நகரவில்லை. "பிள்ளையளுக்கு ஆவதுக்கு என்ன செய்யணும், சிஸ்டர்?" என்று கேட்டார். அவளும் சொல்லிக் கொடுத்தாள். ஈரல் அன்றன்று வெட்டியதாக இருக்க வேண்டும். நேராக நெருப்பில் வைக்கக் கூடாது. கொதிநீர்ப் பானைக்குள் பாத்திரத்தை இறக்கி இளஞ்சூட்டில் உருக்க வேண்டும். மேலே தெளிவதை மட்டும் வழித்து, மூன்று மடிப்புத் துணியில் வடிகட்டி, வெளிச்சம் படாத குப்பியில் அடைக்க வேண்டும். அல்போன்ஸ் ஆறு மாதம் திரும்பத் திரும்பக் காய்ச்சினார். ஒவ்வொரு தடவையும் தானே குடித்துப் பார்த்தார். கடைசியில் தேன் நிறத்தில் ஒரு குப்பி கொண்டுபோய் வைத்தபோது ஜெபகுமாரி மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தாள். அதுதான் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு. பல வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும்.

சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு நாள் அவர் குப்பிகளோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது, ஒரு இளம்பெண் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பூதப்பாண்டியில் எங்கள் தெருவைச் சேர்ந்த நாகம்மை அவள். பிள்ளைக்கு ஒரு நேர்ச்சை, சுசீந்திரம் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் திரை போட்ட கூண்டு வண்டியில் வந்திருந்தாள்.

எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பதினாலு வீடு, பதினாலும் சைவம். மீன்காரி கூவுகிற சத்தம் தூரத்தில் கேட்டாலே வாசலில் தண்ணீர் தெளிக்கிற தெரு. அதிலும் நாகம்மையின் மாமனார் பூதலிங்கம் பிள்ளை ஒரு பங்கு கூடுதல். காலை ஏழு மணிக்குக் கோயிலுக்குப் போனால் ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார். நாகம்மையின் கணவர் திருவனந்தபுரத்தில் குமாஸ்தா. மாதம் ஒரு முறை வருவார். முதல் பிள்ளை ஒரு வயதில் போய்ச் சேர்ந்துவிட்டது. கண் பட்டுத்தான் போனது என்று பிள்ளைவாள் முடிவு கட்டிவிட்டார். இரண்டாவதாக இசக்கி பிறந்ததும் ஒரு சட்டம் போட்டார்: பிள்ளையை வெளியாள் யாரும் பார்க்கக் கூடாது. முற்றத்துக்குக்கூடக் கொண்டுவரக் கூடாது. இருட்டறையிலேயே வளர்ந்தது பிள்ளை. இரண்டரை வயதாகியும் நிற்கவில்லை. கால் இரண்டும் வில் மாதிரி வளைந்திருந்தன. பேரப்பிள்ளை மேல் வைத்த பாசத்தாலேயே அதை முடக்கிக்கொண்டிருந்தார் அந்த மனுஷர். எழுதும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: எலும்புக்கு வலு இல்லை. மீனெண்ணெயும் காலை வெயிலும் வேண்டும். இன்னும் ஒரு வருஷம் விட்டால் கால் அப்படியே நின்றுவிடும், பிறகு நிமிராது.

"எதுக்கு கரையுதிய, அம்மா?" என்று தூணடியில் அழுதுகொண்டிருந்தவளிடம் அல்போன்ஸ் கேட்டார்.

"எங்க வீட்ல மீன்னு சொன்னாலே வாய் கழுவணும். மாமா உயிரு போனாலும் சம்மதிக்க மாட்டாவ."

"வீட்டுக்குப் புறவாசல் உண்டுமில்லியா?"

நாகம்மை அழுகையை நிறுத்தினாள்.

"செவ்வாய்க்கிழம தோறும் நான் கருப்பட்டி கொண்டு வாறேன். கருப்பட்டிக்கு அடியில குப்பி இருக்கும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடணும். நாளைக்கு அரைக் கரண்டிதான். கூடக் குடுத்தா பிள்ள வளராது, தீனந்தான் வரும். பொறவு, காலத்த எட்டு மணி வெயில்ல பிள்ளைய இருத்தணும். வெயிலு இல்லேண்ணா எனக்க எண்ணெய வள்ளத்துக்குத்தான் பூசணும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கடற்கரையிலிருந்து பூதப்பாண்டி வரை சைக்கிளை மிதித்து, வயல் வரப்பு வழியாக எங்கள் தெருவின் பின்பக்கத்துக்கு வருவார். மாமனார் கோயிலில் இருக்கும் நேரம் பார்த்து நாகம்மை பிள்ளையைப் புறவாசலுக்குத் தூக்கிவந்து கிணற்றடியில் உட்கார்த்துவாள். முதல் நாள் இசக்கி வெயிலைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே அழுகை. எண்ணெயைப் பார்த்து மட்டும் அழவில்லை. கரண்டியை நக்கிவிட்டு இன்னும் வேண்டும் என்று கை நீட்டியது. உலகத்தில் அந்த எண்ணெய்க்கு ஆசைப்பட்ட ஒரே பிள்ளை அதுவாகத்தான் இருக்கும்.

மூன்றாவது வாரமே பக்கத்து வீட்டுத் தாணம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டிவிட்டாள். நாக்கு நீளமான பொம்பிளை. நாகம்மை குப்பியை முந்தானைக்குள் மறைத்தாள்.

"ஏட்டி நாகம்மே, இது என்ன நாத்தம்?"

"அக்கா, ஒம்ம கால்ல விழுதேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

தாணம்மாள் தெருவின் மானம், குலத்தின் பெருமை என்று ஒரு மூச்சு பேசித் தீர்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க சின்னவனுக்குப் பொழுது அடைஞ்சா கண்ணு தெரியல்ல. எனக்கும் ஒரு குப்பி சொல்லுட்டி."

பிறகு வரப்பில் வருகிறவரை மறித்து ஒவ்வொருத்தியாகத் தனித்தனியே கேட்க, ஒவ்வொரு வீடாகப் போனது. நாகம்மை, தாணம்மாள் இருவரைத் தவிர, ஒருத்தி வீட்டுக்கு வாங்குவது மற்றவளுக்குத் தெரியாது. தன் வீடு மட்டும்தான் என்று மற்ற எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். எங்கள் அம்மா குப்பியை உப்புப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். எட்டு மணிக்கு எண்ணெய் கொடுத்து முடித்ததும் நாற்றம் தெரியாமலிருக்க வீட்டுக்கு வீடு சாம்பிராணி போட ஆரம்பித்தார்கள். கோயிலிலிருந்து திரும்பி வரும் பிள்ளைவாள் தெருவுக்குள் நுழைந்ததும் மூச்சை ஆழ இழுத்து, "இப்பந்தான் நம்ம தெருவுக்கு பக்தி வந்திருக்கு" என்பார். பதினாலில் பதினொரு வீட்டு ரகசியம் அல்போன்ஸ் ஒருவர் வயிற்றில் கிடந்தது. அதை மட்டும் அவர் வாந்தி எடுத்ததில்லை.

ஏழெட்டு மாதத்தில் இசக்கியின் முகத்தில் களை வந்துவிட்டது. கால் கொஞ்சம் நேரானது. துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் பிடியை விடாது. நாகம்மை நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்ன கெடுவுக்கு இன்னும் சில மாதம்தான் பாக்கி. அதற்குள் மாமனாருக்குத் தெரிந்துவிட்டால் எண்ணெயும் போச்சு, வெயிலும் போச்சு. மறுபடி இருட்டறைதான்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. கோயிலில் ஏதோ வாக்குவாதம். பிள்ளைவாள் எட்டேகாலுக்கே கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே யாரையும் காணாமல் புறவாசலுக்கு வந்து பார்த்தால், காலை வெயிலில் பேத்தி துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எதிரே முன்பின் தெரியாத ஒரு ஆள். மருமகள் கையில் கரண்டி.

"ஏலே, யாருலே நீ? எனக்க பிள்ளைய என்ன செய்யே?"

"கருப்பட்டிக்காரன், அய்யா" என்றார் அல்போன்ஸ்.

பிள்ளைவாள் குப்பியைப் பிடுங்கி மோந்து பார்த்தார். "கருப்பட்டிக்கு எப்பம்லே மீன் நாத்தம் வந்தது?"

துவைகல்லில் அடித்து உடைக்கப் பிள்ளைவாள் குப்பியை ஓங்கிவிட்டார். நாகம்மை குறுக்கே வந்து நின்றாள். "மாமா, அத உடைச்சா பிள்ளைக்குக் கால் இல்ல. என்ன வேணும்னா வீட்ட விட்டு அனுப்புங்க. அத மட்டும் உடைக்காதீங்க."

பெரியவர்கள் பேச்சு இசக்கிக்கு எங்கே புரியப்போகிறது? அதன் கண் குப்பி மேலேயே இருந்தது. இன்றைய அரைக் கரண்டி இன்னும் வாய்க்குள் போகவில்லை. கல்லை விட்டது. ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. ஆடி ஆடி நாலாவது அடியில் விழப்போய், தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து குப்பிக்குக் கை நீட்டியது.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிள்ளைவாள் பேத்தியைப் பார்த்தார், அதன் காலைப் பார்த்தார், அது நடந்து வந்த தரையைப் பார்த்தார். பிறகு அந்தக் கோபக்கார மனுஷர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். நாகம்மையும் அழுதாள். அல்போன்ஸ் மட்டும் கரண்டியை எடுத்து, அரைக் கரண்டி அளந்து, நாகம்மையிடம் நீட்டினார். வேளை தவறக் கூடாதே.

கண்ணைத் துடைத்து, வந்தவரின் பேரையும் ஊரையும் கேட்டுக்கொண்டதும் பிள்ளைவாளுக்குப் பழைய குரல் வந்துவிட்டது.

"நல்ல காரியத்துக்கு வாறவன் கள்ளனப்போல புறவாசல்ல என்னத்துக்கு வாறே? அடுத்த செவ்வாய்க்கிழம தெரு வழியா வா."

அல்போன்ஸுக்கு அந்த ஏழு நாளும் தூக்கமில்லை. அந்தத் தெரு வழியாக அவரைப்போல மீன்பிடிக்கிற சாதிக்காரர் ஒருவர் நடந்ததே கிடையாது. சட்டத்தில் தடை போய்ப் பல வருஷமாகியிருந்தது, வழக்கத்தில் போகவில்லை. ஆனாலும் வந்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு, தெருவின் நட்டநடுவில் வந்தார். மற்ற பத்து வீட்டிலும் பெண்கள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தார்கள். எந்த வாசலில் நின்று எதைச் சொல்லப் போகிறாரோ!

பிள்ளைவாள் பேத்தியைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். பிறந்து மூன்று வருஷத்தில் முதல்முறையாக இசக்கி தெருவைப் பார்த்தது.

"வேய் அல்போன்ஸ்! எனக்க பேத்திக்கு ரெண்டு குப்பி மீனெண்ணெய் எடும்!" என்று நாலு வீதிக்குக் கேட்கிறாற்போலச் சொன்னார்.

முதலில் தாணம்மாள் வீட்டுக் கதவு திறந்தது. "எங்களுக்கும் ஒண்ணு." அடுத்து எங்கள் அம்மா. அப்புறம் எதிர்வீடு. ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி வாயைப் பிளந்துகொண்டு பத்துப் பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பிள்ளைவாள் சுற்றிலும் பார்த்தார். "அப்பம் இந்தத் தெருவுல நான் ஒருத்தன்தானா சைவம்?"

தெரு முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பேத்தியைக் கீழே இறக்கி விட்டார்.

"மாமா, எல்லாரும் பாக்காவ. கண்ணு பட்டிரும்" என்று நாகம்மை பதறினாள்.

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும். எனக்க பேத்தி நடக்கா."

இசக்கி நடந்தது. யாரும் கூப்பிடவில்லை, தானாகவே அல்போன்ஸை நோக்கிப் போனது. ஏழு, எட்டு, ஒன்பது அடி. கிட்டே போய் இரண்டு கையையும் மேலே தூக்கியது. அல்போன்ஸ் அசையாமல் நின்றார். எத்தனை பிள்ளைகளுக்கு எண்ணெய் கொண்டுவந்தவர். ஒரு பிள்ளையையும் அங்கே அவர் தொட்டதில்லை. தொட விடமாட்டார்கள். அவர் பிள்ளைவாளைப் பார்த்தார். தெருவும் பிள்ளைவாளைத்தான் பார்த்தது.

"தூக்கும்வேய். பிள்ள எவ்வளவு நேரந்தான் நிக்கும்?"

அல்போன்ஸ் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டார். அது சாய்ந்து விழுந்து கருப்பட்டியெல்லாம் தெருவில் உருண்டது. அவர் குனிந்து இசக்கியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கண்ணீர் தாடி வழியாக இறங்கியது.

"நல்ல கனம் உண்டும், அய்யா" என்றார்.

பிள்ளையின் கனத்தை வாய்விட்டுச் சொன்னால் அடிக்க வருகிற தெரு அது. அன்றைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.