தவணைக்காரர் ஓட்டிய என் வண்டி

சரக்கு ஆட்டோவுக்குத் தவணை பாக்கி விழுந்ததும் நான் கண்டுபிடித்த உபாயத்தை நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கடன் கொடுத்த கம்பெனி நெய்யாற்றின்கரையில். மச்சினன் வீடு களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். வண்டியை இரவில் அங்கே விட்டுவிட்டால் கேரளத்துக் கடன் எல்லை தாண்டி வருமா என்ன? பெட்ரோலுக்கு ஒரு மாநிலம், ஆஸ்பத்திரிக்கு ஒரு மாநிலம் என்று வாழ்கிற பாறசாலைக்காரனுக்கு இது கூடவா தெரியாது!

இரவில் ஒளித்த அதே வண்டியைப் பகலில் கம்பெனி வாசல் வழியாகவே சந்தைக்கு ஓட்டினேன். அவ்வளவு புத்தி.

அமரவிளையில் பைக்கில் வந்த கம்பெனி ஆட்கள் இருவர் மறித்தார்கள். "சேட்டா, வண்டி சீஸ் செய்யுவாணு" என்றார் ஒருவர், சாவிக்குக் கை நீட்டி.

"இது தமிழ்நாட்டில நிக்கிற வண்டியாக்கும்!"

"மார்த்தாண்டத்திலும் நம்மளுக்கு ஆபீஸ் உண்டு."

பின்னால் ஏத்தன் வாழைக் குலைகள். அதையாவது இறக்கவிடச் சொல்லிக் கெஞ்சினேன். மண்டி அவர்கள் யார்டுக்குப் போகிற வழிதான் என்பதால் சாவி கேட்டவர் சம்மதித்தார், மற்றவர் பைக்கில் போய்விட்டார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கி அங்கேயே பாக்கியை அடைத்தால் வண்டியை விட்டுவிடுவதாகவும் சொன்னார். நல்ல மனிதர். கெடுத்தது நான்தான்.

மண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் சுமைதூக்குகிறவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கூவினார். "எலே, டிரைவர் வச்சாச்சா? பெரிய மொதலாளி ஆயிட்டியே!"

இல்லை என்று சொல்ல ஒரு வினாடி போதும். "ஆமாண்ணே, ஒத்தைக்கு முடியல்ல பாத்துக்கிடுங்க" என்றது என் வாய். தவணைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்போ நாளைக்கு ரெண்டு லோடு கொண்டு வா. தோட்டத்துக்கு இப்பமே போன் போடு. எலே, டிரைவருக்கு ஒரு சாயா குடுங்க."

நான் கொல்லயில் ஊர்த் தோட்டக்காரருக்குப் போன் போட்டு ரெண்டு லோடு குலை வெட்டச் சொன்னேன். தவணைக்காரர் சாயா குடித்தார். டிரைவர் வைத்திருக்கிற முதலாளி எந்த வாயால் முன்பணம் கேட்பான்? கடைசிக் குலை இறங்கியதும் அவர் கிளாஸை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

"எலே, ஒன்ன விட்டுட்டுப் போறானே!"

"அவன் டிரைவர் இல்லண்ணே, பைனான்ஸ்காரனாக்கும். கொஞ்சம் அட்வான்ஸ் தந்தியள்னா..."

"அட மண்டையா! வண்டி நிக்கும்போ சொல்லப்பிடாதா?" திட்டிக்கொண்டே மேசையைத் திறந்தார்.

பணத்தோடு பஸ் பிடித்து யார்டுக்கு ஓடினேன். கவுண்டர் அடைத்தாயிற்றாம், நாளை ஞாயிறு, இனி திங்கட்கிழமைதானாம். கம்பிவேலிக்கு உள்ளே வண்டி நிற்கிறது, வெளியே நான் நிற்கிறேன். குலை வெட்ட வேண்டாம் என்று சொல்லத் தோட்டக்காரரை அழைத்தேன்.

"ரெண்டு லோடும் வெட்டிப் போட்டாச்சு மக்கா," என்றார். "நீ எப்பம் வாறே?"