பச்சைச் சொட்டு

மழையில் நனைந்த கொடியிலிருந்து பச்சைச் சாயம் பால்கனித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. சுதந்திர தினத்துக்கென்று மகள் கட்டியதுதான். ஆனாலும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பதறிப்போனேன்.

சுதந்திரத்துக்கு முன்பு, என் சிறுவயதில், நாங்கள் மலையாள நாட்டு ஸ்ரீவராகத்தில் இருந்தோம். சித்தப்பா ஊர்வலத்துக்காக ஒரு மூவர்ணக் கொடியை ஒளித்துவைத்திருந்தார். அதற்கே ஆளைப் பிடித்துக்கொண்டு போன காலம். அப்பாவுக்கோ சர்க்கார் உத்தியோகம். ஒரு நாள் காலையில் வாசலில் போலீஸ்காரர் குரல் கேட்டதும், அம்மா கொடியைத் தன் ஈரப் புடவைக்குள் சுருட்டி, மடித்துணி உலர்த்தும் உயர மூங்கிலில் கோலால் தூக்கிப் போட்டாள். குளிக்காதவர்கள் அந்தத் துணிகளைத் தொடக்கூடாது.

பெட்டிகளையெல்லாம் குடைந்துவிட்டு, போலீஸ்காரர் அந்தப் புடவைக்குக் கீழே வந்து நின்றார்.

"மடி. தொடப்படாது," என்றாள் அம்மா.

அவர் தொடவில்லை. அரக்குப் புடவையிலிருந்து பச்சையாகச் சொட்டுவதைப் பார்த்தார். அவர் அந்தச் சொட்டுகளைக் காலால் தேய்த்து அழித்தார்.

"உணங்கட்டே, அம்மா," என்று, காயட்டும் என்பதை மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

"அப்பா, எதுக்குத் தரையைத் தேய்க்கறேள்?" என்று பால்கனிக்கு வந்த மகள் கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். என் பாதமெல்லாம் பச்சை.